ஆப்பிரிக்க அரசியல் படித்தால் சோறு போடுமா?

கேள்வி: என் மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் கடைசி ஆண்டு. மேலே படித்தால் ஆப்பிரிக்க அரசியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பி.எட். முடித்தால் ஒரு டீச்சர் வேலையாவது கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்துவிட்டோம், கேட்பதாக இல்லை. இந்தப் படிப்பு சோறு போடுமா?

பதில்: போடும் ஐயா. ஆனால் "ஆப்பிரிக்கா" என்று மொத்தமாகப் படித்தால் போடாது. ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 55 உறுப்பினர்கள். எகிப்து, எத்தியோப்பியா, லெசோத்தோ மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு வருபவரை எந்த அலுவலகமும் தேடாது. ஒரு பகுதி, அந்தப் பகுதிக்கு ஒரு மொழி, கையில் ஒரு தொழில். இந்த மூன்றும் சேர்ந்தவருக்கு இந்தியாவில் போட்டி குறைவு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் எம்.ஏ.தான்.

மகளின் ஆர்வம் எவ்வளவு ஆழம் என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள். 1979-இல் நைஜீரியாவில் ராணுவ ஆட்சி முடிந்து தேர்தல் நடந்தது. அதிபராவதற்கு மொத்த வாக்கில் முதலிடம் மட்டும் போதாது. மாநிலங்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கில், ஒவ்வொன்றிலும் 25 சதவீத வாக்காவது வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அப்போது மாநிலங்கள் 19. அதில் மூன்றில் இரண்டு என்றால் 12⅔. மொத்த வாக்கில் முதலிடம் வந்த ஷெஹு ஷகாரி 12 மாநிலங்களில் 25 சதவீதத்தைத் தாண்டினார், 13-ஆவதான கானோவில் தாண்டவில்லை. மாநிலத்தை எப்படித் துண்டு போடுவது, 13 என்றுதானே அர்த்தம் என்றார் எதிர்த்து நின்ற ஒபாஃபெமி அவொலொவொ. கானோ வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, அதில் 25 சதவீதம் இருந்தால் போதும் என்றது தேர்தல் ஆணையம். உச்ச நீதிமன்றமும் ஷகாரி பக்கமே நின்றது.

இப்போது அங்கே 36 மாநிலங்கள். மூன்றில் இரண்டு என்றால் 24, பின்னம் வராது. ஆனாலும் தொல்லை விடவில்லை. 2023 தேர்தலுக்குப் பிறகு, தலைநகர் அபுஜாவிலும் தனியாக 25 சதவீதம் வாங்கியிருக்க வேண்டுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. வேண்டியதில்லை என்று முடிந்தது.

கதையைக் கேட்டுவிட்டு மகள் "அப்படி ஒரு விதியை ஏன் வைத்தார்கள்?" என்று தோண்ட ஆரம்பித்தால் நம்பிப் படிக்க வைக்கலாம். ஒரே இனத்தின், ஒரே வட்டாரத்தின் வாக்கை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் அதிபராகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. நைஜீரியாவின் கிழக்குப் பகுதி தனி நாடாகப் பிரியப் பார்த்ததால் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரைப் படிக்காமல் அது புரியாது. "அப்படியா" என்று சொல்லிவிட்டு செல்போனை எடுத்தால், அவளுக்குப் பிடித்திருப்பது தலைப்பு மட்டும்தான். அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் படிப்பின் உயிரே இப்படிப்பட்ட கேள்விகள்தான். அரசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நிலம் யார் கையில்? சம்பளம் வராவிட்டால் படை யார் பேச்சைக் கேட்கும்? காலனிக்காரர்கள் கோடு போட்டுக் கொடுத்த எல்லைகளை மாற்றுவதில்லை என்று 1964-இல் கெய்ரோவில் கூடிய தலைவர்கள் முடிவெடுத்தார்கள். அந்தக் கோடுகளுக்கு உள்ளே ஆளுக்கொரு விதமாக அரசைக் கட்டினார்கள். எத்தியோப்பியாவின் 1995 அரசமைப்பு, 39-ஆம் பிரிவில், தேசிய இனங்களுக்குப் பிரிந்து போகும் உரிமையையே எழுதிக் கொடுத்திருக்கிறது. தான்சானியாவில் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே சுவாஹிலி என்ற ஒரே மொழியைப் பிடித்து நாட்டை ஒட்டவைத்தார். பிரெஞ்சு ஆட்சியின் எச்சமான சி.எஃப்.ஏ. பிராங்கை இன்றும் 14 நாடுகள் புழங்குகின்றன. ஒரு யூரோவுக்கு 655.957 என்று மதிப்பைக் கட்டிவைத்திருக்கிறார்கள். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றிலும் 2020-க்கும் 2023-க்கும் இடையே ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பை விட்டு வெளியேறியபோது, இந்தப் பணத்தையும் விடுவார்களா என்ற பேச்சு கூடவே எழுந்ததற்குக் காரணம் அதுதான்.

பகுதியைத் தேர்ந்தெடுத்தால் மொழி தானாக வரும். மேற்கு ஆப்பிரிக்கா என்றால் பிரெஞ்சு, மொசாம்பிக், அங்கோலா என்றால் போர்த்துகீசியம், கென்யா, தான்சானியா என்றால் சுவாஹிலி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பிரெஞ்சு. சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு கற்பிக்கும் மையம் இருக்கிறது. மொழித் தரத்தை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாகப் பிரிப்பார்கள், வேலைக்கு ஆகும் தரம் நான்காம் படியான பி2. ஆரம்பத்திலிருந்து அந்த நிலைக்கு வர ஏறக்குறைய 500, 600 மணி நேரம் வேண்டும். வாரம் 6 மணி நேரம் வைத்தால் இரண்டு வருஷம், அதாவது எம்.ஏ. முடியும்போது மொழியும் முடியும். அதற்குச் சான்று தரும் டெல்ஃப் பி2 தேர்வில் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் ஏதாவது ஒரு பகுதியில் 5-க்குக் கீழே போனால் மொத்தமும் போச்சு. பேச்சுத் தேர்வைப் படிப்பால் சமாளிக்க முடியாது, வாய்விட்டுப் பேசித்தான் ஆக வேண்டும்.

சுவாஹிலிக்கு ஆசிரியர் கிடைப்பது கஷ்டம், ஆனால் கற்றவர்களும் குறைவு. அதில் அரசாங்கத்துக்கு "செரிகாலி" என்று பெயர். நம் தாத்தாக்கள் சொன்ன "சர்க்கார்"தான், பாரசீகத்திலிருந்து வந்த அதே சொல். இன்சூரன்ஸுக்கு "பீமா". இந்தியப் பெருங்கடல் வியாபாரம் அந்த அளவுக்கு அங்கே ஊறியிருக்கிறது.

எங்கே படிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை 1955-இலும், மும்பைப் பல்கலைக்கழகத்தின் மையம் 1971-இலும் தொடங்கியவை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுப் பள்ளியிலும் ஆப்பிரிக்க ஆய்வு மையம் இருக்கிறது. இவற்றில் எதில் எம்.ஏ., எதில் பிஎச்.டி. மட்டும் என்பதை அந்தந்த ஆண்டு கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மத்தியப் பல்கலைக்கழக எம்.ஏ.க்களுக்குப் பெரும்பாலும் க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு. 75 கேள்விகள், சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும்.

எங்கள் யோசனை கேட்டால், பட்டத்தின் பெயர் "அரசியல் அறிவியல்" என்றோ "சர்வதேச உறவுகள்" என்றோ இருக்கட்டும், ஆப்பிரிக்கா ஆய்வேட்டில் இருக்கட்டும். பட்டத்தின் பெயரே வேறாக இருந்தால், பின்னால் தமிழ்நாட்டில் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு பட்டமும் சமம் என்று காட்டும் ஈக்விவலன்ஸ் சான்றுக்கு அலைய நேரும். அந்த வகையில் அரசியல் அறிவியல்தான் பத்திரம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வையும் அதே பாடத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100, மூன்று மணி நேரம், தப்புக்குக் கழிவு இல்லை. அதில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். பெண்களுக்கு வயது வரம்பில் 5 வருஷம் தளர்வு உண்டு என்பதால் 35 வரை எழுதலாம். 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, ஒரு தேர்வில் இரண்டு காரியம். பி.எட். எங்கும் ஓடிவிடாது, எம்.ஏ.க்குப் பிறகும் சேரலாம்.

ஆய்வேட்டுத் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "ஆப்பிரிக்காவில் ஜனநாயகம்" என்று எடுத்தால் 80 பக்கம் நிறையும், ஒரு விஷயமும் இருக்காது. அதையே இப்படிச் சுருக்கலாம். கென்யாவின் 2010 அரசமைப்பு 47 கவுண்டிகளை உண்டாக்கி, தணிக்கை முடிந்த தேசிய வருவாயில் குறைந்தது 15 சதவீதத்தை அவற்றுக்குத் தரச் சொல்கிறது. ஏதாவது இரண்டு கவுண்டிகளை எடுத்து, வந்த பணத்தில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போனது, எந்த மாதம் போனது என்று பார்க்கலாம். அந்நாட்டு பட்ஜெட் கட்டுப்பாட்டாளரின் அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கும். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு ஆஃப்ரோபரோமீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 1999 முதல் எடுத்துவரும் கருத்தாய்வுகளின் தரவு இலவசம். அதை எக்செல்லிலோ ஆர் மென்பொருளிலோ போட்டு அட்டவணை எடுக்கத் தெரிந்தால், மேலே சொன்ன "கையில் ஒரு தொழில்" அதுவே.

இன்னொரு பழக்கத்தையும் இப்போதே விடச் சொல்லுங்கள். அங்கே எந்தக் கலவரம் நடந்தாலும் "பழங்குடிச் சண்டை" என்று எழுதுவது. கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கு மேல் உயிர்கள் போயின. வாக்கு எண்ணிக்கையில் வந்த சந்தேகம் ஒரு பக்கம், பிளவுப் பள்ளத்தாக்கில் காலனி காலத்திலிருந்து தீராத நிலப் பிரச்சினை மறுபக்கம். இனம் அதற்கு மேலே போர்த்திய துணி. நேர்காணலில் "பழங்குடிச் சண்டை" என்ற ஒரு சொல்லைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

சரி, வேலை. உங்கள் வீட்டு சாம்பாரிலிருந்து ஆரம்பிக்கலாம். துவரைக்காக இந்தியா 2016-இல் மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போட்டது. 2023 கடைசியில் அங்கே நகாலா துறைமுகத்தில் ஏற்றுமதியாளர்களுக்குள் வழக்கு முற்றி, சரக்கு நகராமல் நின்றது. முந்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பச்சைக்கொட்டை வருகிறது. 2018 நவம்பரில் தான்சானிய அதிபர் மகுஃபுலி, வியாபாரிகள் கேட்ட விலை அடிமாட்டு விலை என்று சொல்லி, கிலோ 3,300 ஷில்லிங் என்று அறிவித்து, மொத்த விளைச்சலையும் வாங்க ராணுவத்தையே இறக்கினார். இரண்டு அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். அந்த வாரம் கொட்டைக்கு முன்பணம் கட்டக் காத்திருந்த ஒரு முதலாளிக்கு, "பொறுங்கள், கட்டாதீர்கள்" என்று சொல்லத் தெரிந்த ஆளின் மதிப்பு என்ன என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஓசூரில் செய்த பைக் அங்கே வாடகை பைக்காக ஓடுகிறது. ஏர்டெல் ஆப்பிரிக்கா 14 நாடுகளில் தொழில் நடத்துகிறது, 2023-இல் நைஜீரிய நைரா சரிந்தபோது அதன் லாபமும் சேர்ந்து சரிந்தது.

இந்த நிறுவனங்கள் "ஆப்பிரிக்க அரசியல் நிபுணர் தேவை" என்று விளம்பரம் கொடுப்பதில்லை. ஏற்றுமதிப் பிரிவு, சந்தை ஆய்வு, சட்டவிதிகளைக் கவனிக்கும் காம்ப்ளையன்ஸ் என்றுதான் இடம் இருக்கும். அதனால் எம்.ஏ. முதல் ஆண்டு விடுமுறையில் தூத்துக்குடியிலோ சென்னையிலோ துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இரண்டு மாதம் உட்காரச் சொல்லுங்கள். எல்.சி. (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்), பில் ஆஃப் லேடிங் (கப்பலில் ஏற்றிய சரக்குக்கான ரசீது) இரண்டையும் படிக்கத் தெரிந்த அரசியல் மாணவி அபூர்வம்.

டெல்லியில் ஆய்வு நிறுவனங்களும் உண்டு. அங்கே மதிப்பெண் பட்டியலை விட, ஒரே நாட்டைப் பற்றி எழுதிய 1,200 வார்த்தைக் கட்டுரைகள் மூன்று இருந்தால் பேசும். யு.பி.எஸ்.சி. எழுதினால் அரசியல் அறிவியல், சர்வதேச உறவுகள் விருப்பப் பாடத்தின் இரண்டாம் தாளில் ஆப்பிரிக்காவுடனான உறவுகள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி வருஷங்களைக் கொட்ட வேண்டாம். பொதுப் பிரிவுக்கு 6 முறை என்பது 6 வருஷம்.

கடைசியாகப் பயணம். ஆய்வுக்காகப் போகும் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு, சுற்றுலா அனுமதியில் போய் இறங்கி ஊரில் நோட்டுப் புத்தகத்தோடு பேட்டி எடுப்பது. கென்யாவில் நகோஸ்டி, தான்சானியாவில் காஸ்டெக் என்ற அமைப்புகளின் ஆய்வு உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணைப்புக் கடிதத்தோடு சில மாதம் முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை போட்டால் சான்று ஆயுளுக்கும் செல்லும். அந்த மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் போட்டு அந்தப் பெட்டி தொலைந்தால், நோய்ப் பகுதியிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்தி உட்கார வைத்துவிடுவார்கள்.