ஒப்பந்தம் போட்டு நிலத்தைக் கைமாற்றலாமா?

கேள்வி: தனியார் வேலையில் இருக்கிறேன், சேமிப்பு இரண்டு லட்சம் ரூபாய். நில உரிமையாளரிடம் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்து என் பெயரில் கிரய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, மூன்று மாதத்துக்குள் கூடுதல் விலைக்கு ஆள் பிடித்து, அவர் பெயருக்கே நேரடியாகக் கிரயம் முடித்தால் வித்தியாசம் எனக்கு மிஞ்சும் என்கிறார் ஒரு தரகர். அமெரிக்காவில் ஹோல்சேலிங் என்று செய்வது இதைத்தானாம். தமிழ்நாட்டில் இது சட்டப்படி செல்லுமா? ஆள் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

பதில்: செல்லும். 'தங்கள் பெயரிலோ தாங்கள் குறிப்பிடும் நபர் பெயரிலோ கிரயம் செய்து தருகிறேன்' என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்து, கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை எதுவும் இல்லையென்றால், நீங்கள் காட்டும் ஆளுக்கு உரிமையாளர் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். இருமுறை கிரயம் நடந்தால் இருமுறை கட்ட வேண்டிய 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் ஒருமுறையோடு முடிவதால்தான் இந்த வழியைத் தரகர்கள் விரும்புகிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. தரகர் வாய் திறக்காத இடமும் அதுவே. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 54-வது பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. ஆள் கிடைக்காமல் கெடு முடிந்தால், முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று உரிமையாளர் சொல்வார். ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதியிருக்கும். நல்ல விலைக்கு ஆள் கிடைத்த பிறகு உரிமையாளர் மனம் மாறினாலோ, கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட உங்களுக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஒப்பந்தம் போட்ட நாள் முதல் மீதித் தொகையைச் செலுத்த நீங்கள் ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிலத்தின் விலை நாற்பது லட்சம் என்றால், இரண்டு லட்சம் சேமிப்பை வைத்துக்கொண்டு அதை எப்படி நிரூபிப்பீர்கள்?

அடுத்தது பதிவு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். "அதெல்லாம் வீண் செலவு, பத்திரத்தாளில் எழுதினாலே போதும்" என்று தரகர் சொல்வார். அதற்குத் துணையாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் காட்டுவார். 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் கிரயம் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று அந்த நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அந்த விலக்கு எதுவரை செல்லும் என்பதைப் பாருங்கள். வழக்கில் அந்தத் தாளைக் காட்டலாம், அவ்வளவே. நிலம் உங்கள் கைக்கு வந்திருந்தால்கூட அதைக் காத்துக்கொள்ள அந்தத் தாள் உதவாது. சொத்தின் மீது பதிவான ஆவணங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அது ஏறாது. ஆகவே அதே உரிமையாளர் அடுத்த வாரமே இன்னொருவருக்குக் கிரயம் செய்துவிட்டு, அவரும் உங்கள் ஒப்பந்தம் பற்றித் தெரியாமல் நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்து வாங்கியிருந்தால், அவரிடமிருந்து நிலத்தைப் பெற முடியாது. உங்களுக்கு முன்பே மூன்று பேர் இப்படிப் பத்திரத்தாளில் எழுதி வாங்கியிருந்தாலும் வில்லங்கச் சான்று சுத்தமாகவே இருக்கும். பதிவைக் கட்டாயமாக்கிவிட்டு, பதியாததற்கும் ஒரு வழியைத் திறந்துவிடுவது என்ன நிர்வாகமோ தெரியவில்லை. இந்த ஓட்டைக்குள்தான் பல தரகர்களின் பிழைப்பு ஓடுகிறது.

ஒப்பந்தத்துக்குப் பதிலாக 'பவர்' எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். பொது அதிகார ஆவணத்தால் சொத்து கைமாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால், உங்களைப் போன்ற புதியவர் கையில் உள்ள பவர் அன்றோடு முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தை ரொக்கமாகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அசையாச் சொத்துக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. அபராதம் அவருக்கு என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். ரசீதில்லாத ரொக்கத்தைக் கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிட்டால் உங்கள் கையில் என்ன இருக்கிறது? உங்கள் லாபத்தையும் கிரயப் பத்திரத்தில் நீங்களும் ஒரு தரப்பாகச் சேர்ந்து கையெழுத்திட்டு வங்கி வழியாகவே பெறுங்கள். அதற்கு வரி உண்டு.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான மனைப்பிரிவுகளில் ஆள் பிடித்துத் தருவதானால், நீங்களும் அங்கே முகவராகப் பதிந்துகொள்ள வேண்டும்.

அப்படியும் இறங்குவதென்றால், இழந்தால் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். கெடு மூன்று மாதம் போதாது: பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அதை மாற்றவே தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்பது போனவர்களுக்குத்தான் தெரியும். ஆறு மாதமாவது கேளுங்கள். உரிமையில் குறை தெரியவந்தால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடட்டும். தாய்ப்பத்திரத்தைத் தரகர் தரும் நகலில் பார்க்காமல், மூலத்தையே வாங்கி, அந்தத் தரகருக்கு அறிமுகமில்லாத வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு, அதன்பிறகு அந்த ஒரு லட்சத்துக்குக் காசோலை எழுதுங்கள்.