ஒரு வரி நிரலும் ஒரு பருவப் பாடமும்

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு டிஜிட்டல் இமேஜ் பிராசஸிங்கை விருப்பப் பாடமாக எடுத்தேன். படங்களோடு விளையாடலாம் என்று நம்பிப் போனால், வகுப்பு முழுக்க ஃபூரியே உருமாற்றம், கன்வல்யூஷன், நிகழ்தகவு என்றே ஓடுகிறது. ஆய்வகத்திலோ எல்லாவற்றுக்கும், ஆயத்த நிரல்களின் தொகுப்பான லைப்ரரியில் ஒரு வரி இருக்கிறது. மங்கிய படத்தைத் தெளிவாக்க நியூரல் நெட்வொர்க் வந்துவிட்ட பிறகு இந்தப் பழைய கணக்கெல்லாம் எதற்கு? பாடத்தை மாற்றிக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது. மாற்றலாமா? தொடர்ந்தால் புராஜெக்டுக்கு என்ன எடுக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மாற்றாதீர்கள்.

உங்கள் எரிச்சலில் பாதி நியாயம்தான். தொகையீட்டுக் குறியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஃபூரியேவைத் தொடங்கினால் யார் மனதில் ஒட்டும்? செய்தித்தாளில் அச்சான ஒரு புகைப்படத்தை ஸ்கேன் செய்து அதன் ஃபூரியே வடிவத்தை, அதாவது படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை, முதலில் காட்டியிருக்க வேண்டும். அச்சுப்புள்ளிகள் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதால், அங்கே அவை பளிச்சென்ற சில பொட்டுகளாக ஒதுங்கி நிற்கும். அந்தப் பொட்டுகளை மட்டும் அழித்துவிட்டுப் படத்தைத் திரும்பப் பெற்றால், புள்ளிகள் பெருமளவு மறைந்து முகம் மிஞ்சும். அதைக் கண்ணால் பார்த்த மாணவன் சூத்திரத்தைத் தானே தேடிப் போவான்.

இனி லைப்ரரியின் அந்த ஒரு வரி. அது என்ன செய்கிறது என்று ஒரே ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மூன்றுக்கு மூன்று பிக்சல்கள், ஒவ்வொன்றின் வெளிச்சமும் ஓர் எண்: முதல் வரிசை 52, 54, 53, அடுத்தது 55, 255, 54, கடைசி 53, 52, 54. நடுவில் இருக்கும் 255 கோளாறு என்பது பார்த்தவுடனே தெரிகிறது. சராசரி ஃபில்டர் ஒன்பதையும் கூட்டி வகுத்து அந்த இடத்தில் 76 என்று வைக்கும். அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கணக்கிடும்போதும் அதே 255 உள்ளே நுழைவதால், கோளாறு ஒழியவில்லை. எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான். மீடியன் ஃபில்டர் ஒன்பதையும் வரிசைப்படுத்தி ஐந்தாவதை எடுக்கும்: 54. கோளாறு இருந்த தடயமே இருக்காது. உடனே மீடியனைக் கொண்டாடவும் வேண்டாம். எக்ஸ்ரே படத்தில் ஒரு பிக்சல் அகலத்தில் ஓடும் எலும்பு முறிவின் கோட்டையும் அது இதே உற்சாகத்தோடு துடைத்துவிடும், ஏனென்றால் ஒன்பதில் மூன்று பிக்சல்கள்தான் அந்தக் கோட்டுக்குச் சொந்தம். எந்த வரியை எப்போது அழைப்பது என்பதை லைப்ரரி சொல்லித் தராது.

ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகும் நியூரல் நெட்வொர்க்குக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு பழைய கதை. 1990-இல் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியின் பிரதான ஆடி, விளிம்பில் சுமார் 2 மைக்ரோமீட்டர் அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் வரை வானியலாளர்களுக்குக் கணக்குதான் துணை. விண்மீன் ஒரு புள்ளியாக விழ வேண்டும். அது எப்படிச் சிதறி விழுகிறது என்று தெரிந்தால் சிதறலைத் திரும்பக் கூட்டிவிடலாம். ரிச்சர்ட்சன் 1972-இலும் லூசி 1974-இலும் தனித்தனியே வகுத்திருந்த முறை இங்கே கைகொடுத்தது. பிரகாசமான பொருட்கள் தெளிந்தன. மிக மங்கலானவை தெளியவில்லை. அவற்றின் ஒளி சிதறி இரைச்சலுக்குள், அதாவது பதிவில் தற்செயலாகக் கலக்கும் பிழைகளுக்குள், மூழ்கியிருந்தது.

இப்படி மூழ்கிப்போன இடத்தில் நெட்வொர்க் எதையாவது நிரப்பித் தரும். பயிற்சியில் பார்த்த படங்களின் சாயலில், மிக அழகாகவே நிரப்பும். வாகன எண் பலகையில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று சொல்லும் தகவல் கேமராவிலேயே பதிவாகவில்லை என்று வையுங்கள். நெட்வொர்க் கூர்மையாக ஒரு 8-ஐ வரைந்து நீட்டும். அதை வைத்து ஒருவர் மேல் வழக்குப் போடலாமா? உங்கள் வகுப்பில் ஓடும் அந்த ‘பழைய கணக்கு’ இல்லாமல் இந்தக் கேள்வியை எழுப்பக்கூட முடியாது. போதாததற்கு, படங்களைக் கையாளும் நெட்வொர்க்குகளில் பலவற்றின் உள்ளே ஓடுவதும் அதே கன்வல்யூஷன்தான்: ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் அக்கம்பக்கத்தை எடையிட்டுக் கூட்டும் கணக்கு.

புராஜெக்டுக்கு முகம் அறிதல் வேண்டாம். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எடுப்பார்கள். ஒரு நல்ல படத்தை நீங்களே கெடுங்கள். கேமரா அசைந்ததுபோல் இழுத்துவிடுங்கள், கொஞ்சம் இரைச்சல் தூவுங்கள். பிறகு நேரடித் தலைகீழ் ஃபில்டர் (கெடுத்த கணக்கை அப்படியே திருப்பி வகுப்பது), வீனர் ஃபில்டர் (இரைச்சலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு திருப்புவது), ஒரு நெட்வொர்க் என்று மூன்றாலும் மீட்டு, மூலப்படத்தோடு ஒப்பிடுங்கள். முதலாவது படுதோல்வி அடையும். பூஜ்யத்துக்கு அருகிலுள்ள எண்களால் வகுக்கும்போது இரைச்சல் ஊதிப் பெருகுவதை அங்கே கண்ணெதிரே பார்க்கலாம். அறிக்கையில் அதை மறைக்காமல் முதலில் போடுங்கள். மூலப்படம் ஜேபெக் கோப்பாக இருக்க வேண்டாம். அது படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவது; கூர்மையாக்கப் போனால் அந்தக் கட்டங்களின் விளிம்புகளும் சேர்ந்து எழும்பி வந்து, எது உங்கள் பிழை, எது கோப்பின் பிழை என்று பிரிக்க முடியாமல் போகும்.