எல்லாம் உங்கள் மேஜை வழியாக

வணக்கம் சார்,

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இது தன் வேலை என்ற எண்ணம் ஒருவருக்கும் இல்லை. சொன்னதைச் செய்வார்கள், அதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் ‘ஓனர்ஷிப் எடுங்கள்’ என்று சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. நான் பார்க்காமல் எதுவும் வாடிக்கையாளருக்குப் போகாது என்பதால் தரம் எப்படியோ நிற்கிறது. போன வருடம் முழுச் சுதந்திரம் கொடுத்தும் பார்த்தேன். மூன்றே வாரத்தில் ஒரே குழப்பம், திரும்ப என் கைக்கு எடுத்துக்கொண்டேன். இப்போது ஊழியர்களுக்குப் பங்குகள் கொடுக்கலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறது. அதனால் மனநிலை மாறுமா? இல்லை, சிலருடைய இயல்பே இப்படித்தானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். ‘நான் பார்க்காமல் எதுவும் போகாது.’ இப்போது உங்கள் குழுவில் ஒருவராக உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். நான் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது உங்கள் மேஜைக்கு வரும், நீங்கள் எதையாவது மாற்றுவீர்கள். தப்பு இருந்தாலும் அங்கே பிடிபடும். பிறகு நான் ஏன் இரண்டாவது முறை சரிபார்க்க வேண்டும்? உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். கெட்டிக்காரர்கள் இந்தக் கணக்கை முதல் மாதமே போட்டுவிடுவார்கள்.

இயல்பு பற்றிக் கேட்டீர்கள். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அந்த நிறுவனத்தின் மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்கள் உண்டு. வந்தவர்களில் சிலர் வேலை நேரத்திலேயே குடித்தார்கள். 1982இல் இழுத்து மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே இடத்தை ‘நம்மி’ என்ற பெயரில் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், தொழிற்சங்கமும் அதேதான். சில ஆண்டுகளில் அங்கே தயாரான கார்களின் தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு ஈடாக நின்றது, வேலைக்கு வராதவர்களின் எண்ணிக்கையும் மிகவும் குறைந்துபோனது. இயல்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது. வேறு எதுவோ மாறியிருக்கிறது.

நம்மியில் இருந்த ஒரு கயிற்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கோளாறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். உடனே எல்லாம் நின்றுவிடாது. முதலில் குழுத்தலைவர் ஓடிவருவார். கார் அந்தத் தொழிலாளியின் எல்லையைத் தாண்டுவதற்குள் கோளாறு சரியாகாவிட்டால், கார்கள் நகரும் தயாரிப்பு வரிசை முழுவதும் நிற்கும். வரிசை நின்றால் கம்பெனிக்கு ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அந்த நஷ்டத்தை உண்டாக்கும் உரிமையை ஒரு சாதாரணத் தொழிலாளியிடம் கொடுத்தார்கள், இழுத்தவரைத் திட்டாமல் உதவிக்கு வந்தார்கள். அதிகாரம் கைமாறியது என்று நம்புவதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எதைக் காட்ட முடியும்?

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. நம்மியில் சுதந்திரம் கரைபுரண்டு ஓடவில்லை. ஒவ்வொரு வேலையையும் நொடிக்கணக்கில் பிரித்து, இந்த வரிசையில் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள். கேட்டால், தொழிலாளியின் வேலையை நொடிநொடியாக அளந்து முறை வகுத்த அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் புத்தகம் போட்டுச் சொன்னது மாதிரியே இருக்கும். டெய்லரின் முறையில் ஸ்டாப்வாட்ச் பொறியாளர் கையில் இருந்தது. நம்மியில் அது தொழிலாளர்கள் கைக்கு வந்தது. அவர்களே ஒருவரையொருவர் நேரம் பார்த்து, எது நல்ல முறை என்று வாதாடி முடிவுசெய்து, எழுதினார்கள். இன்னும் நல்ல வழி தெரிந்தால் மாற்றினார்கள். விதி கடுமையாகவே இருந்தது, ஆனால் அதைத் திருத்தும் பேனா அவர்களிடம் இருந்தது.

இதை வைத்துப் பார்த்தால், போன வருடம் நீங்கள் கொடுத்தது என்ன? ‘இனி உங்கள் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு விலகி நின்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எந்த முடிவு யாருடையது, எது வரைக்கும் போகலாம், சிக்கினால் யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் பேசப்பட்டதா? பேசாமல் பன்னிரண்டு பேரை அவிழ்த்துவிட்டால் குழப்பம் வராமல் என்ன செய்யும். அப்புறம் அவர்களைக் கேட்காமலே அதைத் திரும்ப எடுத்தீர்கள். அந்தச் சுதந்திரம் இரவல்தான் என்று அன்றைக்கே அவர்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டாவது முறை கொடுத்தால் சீக்கிரம் நம்ப மாட்டார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

பங்கு விஷயத்துக்கு வருகிறேன். கொடுக்கட்டும், நல்லதுதான். சம்பாதித்துக் கொடுத்தவர்களுக்கு லாபத்தில் ஒரு பாகம் போவது நியாயம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாற்றம் அதனால் மட்டும் வராது. 1994இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் 55 சதவீதப் பங்கு, சம்பளக் குறைப்புக்கு ஈடாக ஊழியர்களுக்குப் போனது. காகிதத்தில் அவர்கள் முதலாளிகள். 2000ஆம் ஆண்டு கோடையில், சம்பள ஒப்பந்தம் இழுபட்டபோது, அதே நிறுவனத்தின் விமானிகள் கூடுதல் நேரம் பறக்க மறுத்தார்கள், விமானங்கள் வரிசையாக ரத்தாயின. 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. திவாலுக்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன, பழியைப் பங்குத் திட்டத்தின்மேல் போட மாட்டேன். அன்றாட வேலை யார் சொல்படி நடக்கிறது என்பதைப் பங்குப் பத்திரம் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும் தானே பார்க்கிற மேலாளர்கள் பலர் அதிகார வெறியால் அப்படிச் செய்வதில்லை. ஒரு பிழை வெளியே போனால் மேலே இருப்பவர் அவர்கள் கழுத்தைத்தான் பிடிப்பார். உங்கள் நிலையும் அதுவா? அப்படியானால் குழுவோடு பேசுவதற்கு முன்னால் அவரோடு பேசுங்கள். ஒரே ஒரு வகை வேலையைக் குறிப்பிட்டு, இது இனி குழு முடிவுசெய்து அனுப்பும், நான் பார்க்க மாட்டேன், முதல் சில மாதங்களில் வரும் பிழைகளுக்கு யாரையும் கூண்டில் ஏற்றக் கூடாது என்று கேட்டு வாங்குங்கள். பிறகு அந்த வேலைக்கான விதிகளைக் குழுவையே எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடிக்காத விதி ஒன்றிரண்டு அதில் இருக்கும். இருக்கட்டும்.

அவர் இதற்குச் சம்மதிக்கவே இல்லையென்றால், கூட்டங்களில் ஓனர்ஷிப் பற்றிப் பேசுவதை விட்டுவிடுங்கள். கூட்டமாவது சீக்கிரம் முடியும்.