நியூசிலாந்தில் அரசும் தேவாலயங்களும் நடத்திய இல்லங்கள், மருத்துவமனைகள் போன்ற பராமரிப்பு இடங்களில் வதைபட்ட பசிபிக் தீவு மக்கள் இத்தனை ஆண்டுகள் ஏன் வாய் திறக்கவில்லை?

வாய் திறக்கவில்லை என்று யார் சொன்னது? 1976இலேயே ஒரு சிறுவன் எழுதிவிட்டான்.

நியூவே தீவிலிருந்து வந்து ஆக்லாந்தில் பாட்டியிடம் வளர்ந்த பையன். வயது 13. ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவனை லேக் ஆலிஸ் மனநல மருத்துவமனையின் சிறுவர் பிரிவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மின்அதிர்ச்சியைத் தண்டனையாகவே கொடுத்தார்கள். வீட்டுக்கு எழுதும் கடிதங்களை ஊழியர்கள் படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். பையன் கடிதத்தில் சிரித்த முகம் ஒன்றை வரைந்தான். வாயருகே ஒரு குமிழ். அதற்குள் நியூவே மொழியில், தனக்கு மின்சாரம் பாய்ச்சுவதையும் வலியையும் எழுதினான். ஊழியர்களுக்கு அந்த மொழி தெரியாது, பாட்டிக்குத் தெரியும்.

செய்தித்தாளில் வந்தது. 1977இல் விசாரணையும் நடந்தது. பிரிவின் தலைமை மருத்துவர் செல்வின் லீக்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் தொழிலைத் தொடர்ந்தார். 2021இல் போலீஸ், குற்றம் சாட்டப் போதிய சான்று இருக்கிறது, ஆனால் வழக்கைச் சந்திக்கும் உடல்நிலையில் அவர் இல்லை என்றது. மறு ஜனவரியில் இறந்துபோனார். சிறுவன் எழுதி 45 ஆண்டுகள்!

மௌனமும் இருந்தது, மறுக்கவில்லை. நான் தெற்கு ஆக்லாந்தில் குடியிருக்கிறேன், பக்கத்து வீட்டார் சமோவாக்காரர்கள். அவர்கள் வீட்டு விருந்தில் முதல் தட்டு பாதிரியாருக்குத்தான். பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் நடக்க நேர்ந்தால் பிள்ளைகள் முதுகை வளைத்து, 'துலோ' என்று சொல்லிக்கொண்டே கடப்பார்கள். 'மன்னியுங்கள், குறுக்கே போகிறேன்' என்ற பொருளில். அந்தப் பாதிரியார் மீது ஒரு பிள்ளை புகார் சொன்னால் தலைகுனிவது அவர் இல்லை, பிள்ளையின் குடும்பம். அரசிடம் போகலாமே என்றால், 1970களில் விசாக் காலம் முடிந்தவர்களைப் பிடிக்க விடியற்காலையில் இவர்கள் வீட்டுக் கதவுகளைத் தட்டியதே அந்த அரசின் போலீஸ்தான்.

இந்த வதைகளை விசாரித்த அரச விசாரணை ஆணையம் 2021 ஜூலையில் பசிபிக் மக்களுக்கென்று தனி அமர்வு நடத்தியபோது அதற்கு வைத்த பெயரும் 'துலோ'தான். தெற்கு ஆக்லாந்தின் மாங்கெரேயில், சமோவா மக்களின் மன்றக் கட்டடத்தில் நடந்தது. பல ஆண்டுகள் அடக்கிவைத்ததைப் பேச வந்தவர்கள் தங்கள் மொழியிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே வருவதுபோல எனக்குப் பட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் யார் என்பது வேறு கதை. பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2024 நவம்பர் 12 அன்று.

அந்த ஆண்டு ஜூலையில் வந்த ஆணையத்தின் இறுதி அறிக்கை, 1950 முதல் 2019 வரை பராமரிப்பில் இருந்த ஏறக்குறைய 6,55,000 பேரில் 2,00,000 பேர் வதைபட்டிருக்கலாம் என்று கணக்கிடுகிறது. அதில் பசிபிக் மக்கள் எத்தனை பேர்? சரியாகச் சொல்ல ஆணையத்தாலும் முடியவில்லை. பிள்ளையைச் சேர்க்கும்போது இனம் என்ற இடத்தில் சிலருக்கு மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) என்று எழுதினார்கள், சிலருக்குப் பொத்தாம்பொதுவாகப் பாலினீசியர் என்று எழுதினார்கள், பலருக்கு அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார்கள்.