டிவி ஸ்டாண்டைக் கழற்றுவதும் மாற்றுவதும்: வாசகர் கேள்வி - பதில்

கே: 43 இன்ச் டிவியைச் சுவரில் மாட்டப் போகிறோம். ஸ்டாண்டைக் கழற்ற டிவியைக் கவிழ்த்தால் திரை உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். நிற்க வைத்தபடியே கழற்றலாமா?

ப: வேண்டாம். கடைசி ஸ்க்ரூ வெளியே வந்ததும் முழு எடையும் பிடித்திருப்பவர் கையில் இறங்கும். பதற்றத்தில் அவர் விரல்கள் திரையை அழுத்திவிடும். உங்கள் மாடலின் கையேடு வேறு முறை சொல்லாவிட்டால், கவிழ்த்துக் கழற்றுவதே பாதுகாப்பு. எதன் மேல் கவிழ்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்சிடி பேனலின் கண்ணாடித் தகடுகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதவை. எடை பரவலாக இறங்கினால் தாங்கும்; ஒரே புள்ளியில் இறங்கினால் தாங்காது. போர்வைக்கு அடியில் ஒரு பட்டன் கிடந்தாலே போதும். மேல்பரப்பில் கீறல்கூடத் தெரியாது. டிவியைப் போட்டதும் மூலையிலிருந்து கோடுகள் கிளம்பும். இப்படி உடைந்த பேனலுக்கு வாரண்டி பொதுவாகக் கிடைக்காது.

பிளக்கைப் பிடுங்கி, எல்லா வயர்களையும் கழற்றிவிடுங்கள். டிவியைவிட அகலமான மேஜையில் தடித்த போர்வையை இரண்டாக மடித்து, சுருக்கம் விழாமல் விரியுங்கள். இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராக, ஓரச் சட்டத்தை மட்டும் பிடித்துத் தூக்கி, ஸ்டாண்ட் மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மெல்லப் படுக்க வையுங்கள். பிறகு முதுகுப் பக்கம் முழங்கையை ஊன்றாதீர்கள்.

இரட்டைக் கால் என்றால் காலுக்கு ஒன்றிரண்டு ஸ்க்ரூ, நடுத்தண்டு என்றால் பெரும்பாலும் நான்கு இருக்கும். தலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரைக் கையால் திருப்புங்கள். பெரும்பாலும் 2-ஆம் நம்பர் சரியாக இருக்கும். எல்லா ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டு, கடைசி ஸ்க்ரூவின்போது மறு கையால் காலைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவே தென்படவில்லையென்றால் சிறு மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும், அல்லது அழுத்தி இழுக்கும் கொக்கி இருக்கும். நெம்பாதீர்கள்.

கே: சுவர் பிராக்கெட்டோடு ஒரு பை நிறைய ஸ்க்ரூ வந்திருக்கிறது. எதைப் போடுவது? ஸ்டாண்டில் கழற்றிய ஸ்க்ரூ உதவுமா?

ப: ஸ்டாண்ட் ஸ்க்ரூவைத் தனியாக எடுத்து வையுங்கள், அது ஸ்டாண்டுக்கு மட்டும்தான். பிராக்கெட் ஏறுவது பின்பக்கத்து நான்கு வேசா (டிவி மாட்டுவதற்கான பொது அளவுமுறை) ஓட்டைகளில். 200×200, 400×200 என்பவை அந்த ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு மில்லிமீட்டரில் உள்ள தூரம். சின்ன டிவிகளில் எம்4 (4 மி.மீ. தடிமன்), நடுத்தர அளவில் எம்6, பெரியவற்றில் எம்6 அல்லது எம்8 ஸ்க்ரூ பிடிக்கும். விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அது அந்த ஓட்டைக்கான ஸ்க்ரூ இல்லை.

தடிமனைவிட நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீளம் கூடினால் முனை உள்ளே போர்டையோ பேனலின் முதுகையோ குத்தும். குறைந்தால் ஓரிரு மரையில் தொங்கி, பிய்த்துக்கொண்டு வரும். கையேட்டில் நீளம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் ஒரு பல்குத்தியை ஓட்டைக்குள் மெதுவாக விட்டு, தட்டும் இடத்தில் அடையாளம் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆழம் 15 மி.மீ., பிராக்கெட் தகடு 2, வாஷர் 1 என்றால் மொத்தம் 18. அதற்கு 16 மி.மீ. ஸ்க்ரூ சரி. முதுகு வளைந்திருப்பதால் நடுவில் 10 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளிக்கு வைக்கும் குழாய்த் துண்டு) வைத்தால் மொத்தம் 28. இப்போது 25 மி.மீ. வேண்டும். ஸ்பேசரைச் சேர்த்துவிட்டு ஸ்க்ரூவை மாற்ற மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

முறுக்கு நின்றுவிட்டது, பிராக்கெட் மட்டும் இன்னும் ஆடுகிறது என்றால் ஸ்க்ரூ நீளம் அதிகம். மேலும் முறுக்காமல் கழற்றி, குட்டையானதைப் போடுங்கள்.

கே: ஸ்டாண்டின் ஒரு கால் அடிப்பகுதியில் விரிசல் விட்டுவிட்டது. பசை போட்டு ஒட்டலாமா?

ப: கூடாது. டிவியின் எடை முழுக்க அந்த இடத்தில்தான் நெம்பும். ஒட்டு விடுவது நாள் கணக்கில் தெரியாமல் நடந்து, ஒரு நாள் டிவி முன்பக்கமாகச் சாயும். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு, அதே எண்ணுக்கான காலைக் கேளுங்கள். அதே கம்பெனி, அதே இன்ச் என்பதற்காக வேறு மாடலின் கால் பொருந்தாது.

கால் மட்டுமல்ல, டிவியில் அது பொருந்தும் இடமும் விரிசல் விட்டிருந்தால் வேசா ஓட்டையில் மாட்டும் பொது மேஜை ஸ்டாண்டுக்கு மாறிவிடுங்கள். இரண்டு கால்களுக்கு மேஜை அகலம் போதாத வீட்டுக்கும் இதுவே தீர்வு. வாங்கும்போது வேசா அளவு, தாங்கும் எடை, அடித்தட்டின் முன்பின் அகலம் மூன்றையும் பாருங்கள். அடித்தட்டு மேஜைக்கு வெளியே நீட்டக் கூடாது. பொருத்தியபின் மேல் ஓட்டையிலிருந்து சுவருக்கு ஒரு பட்டை கட்டுங்கள்; குழந்தை இருக்கும் வீட்டில் கட்டாயம்.

கே: ஸ்டாண்ட் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை.

ப: தலையில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால், நடுவில் ஒரு தட்டையான ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூவே சேர்ந்து சுற்றினால், பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருக்கும் உலோக நட்டு விட்டுப்போயிருக்கிறது. ஒருவர் காலை வெளிப்பக்கம் லேசாக இழுத்துப் பிடிக்க, மற்றவர் மெதுவாகத் திருப்பினால் பெரும்பாலும் வரும். டிரில் போடாதீர்கள், உலோகத் தூள் போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும். வரவேயில்லையென்றால் மெக்கானிக் பின் மூடியைத் திறந்து நட்டைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

கே: கழற்றிய ஸ்டாண்டை வைத்திருக்க வேண்டுமா?

ப: வைத்திருங்கள். ரிப்பேருக்கு இறக்கினாலும், விற்றாலும், வீடு மாறினாலும் தேவைப்படும். இடது, வலது கால்கள் பல மாடல்களில் வேறு வேறு. அடையாளம் எழுதி, ஸ்க்ரூக்களை ஒரு பையில் போட்டு ஸ்டாண்டோடு ஒட்டிவிடுங்கள். டிவியில் திறந்து கிடக்கும் ஓட்டைகளை டேப்பால் மூடினால் பூச்சி புகாது. காற்றுத் துவாரங்களை மட்டும் மூடிவிடாதீர்கள்.