லாரி ஒரு பக்கம் சாயுதா? கேளுங்கள், சொல்கிறேன்

லாரி, குட்டியானை, பிக்அப் எதுவானாலும் சரி, பட்டை ஸ்பிரிங் (எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது) வண்டி என்றால் கேளுங்கள். கார் கேள்வி வேண்டாம்.

சங்ககிரி: ஆறு சக்கர வண்டி, காலியாக நிற்கும்போதே இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருக்கிறது. இடது பின் பட்டையை மாற்றிவிடலாமா?

பொறுங்க அண்ணே. எங்கே நிறுத்திப் பார்த்தீர்கள்? ரோட்டோரம் என்றால் அந்தக் கணக்கே செல்லாது. ரோடு ஓரத்துக்குச் சரிந்துதான் இருக்கும், நூற்றுக்கு இரண்டரை சரிவு என்றாலே இரண்டு மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. தாழ்ந்துவிடும், அதாவது உங்கள் இரண்டு விரலும் அங்கேயே வந்துவிட்டது. கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கித் தரையை முதலில் பாருங்கள். காற்று எல்லா டயரிலும் சரியாக இருக்கட்டும், பின்னால் உள் டயரையும் விடாதீர்கள். டீசல் டேங்க் எந்தப் பக்கம், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதும் முக்கியம், 300 லிட்டர் டீசல் கால் டன் வரும்.

அப்புறம் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டிப் பட்டையை அமரவிட்டு, நாலு மூலையிலும் அச்சிலிருந்து சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வரைக்கும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் அதில் கலந்துவிடும்.

தாழ்ந்த மூலையில்தான் கோளாறு என்று நினைக்காதீர்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பின் ஹவுசிங்குக்கு (பின் அச்சின் கூடு) நட்டநடுவில் ஜாக்கி வைத்து, பின் டயர்கள் தரையை விட்டு லேசாக எழும்பும் அளவுக்குத் தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது, சாய்வைப் பிடித்து வைத்திருப்பது முன் பட்டை மட்டும்தான். சாய்வு போய்விட்டால் கோளாறு பின்னால், அப்படியே இருந்தால் முன்னால். பார்த்ததும் இறக்கிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது.

ஓசூர்: ஷாக் அப்சார்பர் மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. அது ஆட்டத்தை அடக்குவதற்கு, எடையைத் தாங்குவது பட்டை.

தூத்துக்குடி: உப்பு லோடு வண்டி. இடது பக்கம் தாழ்வு. பட்டறையில் இடது பட்டை நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். வலது பக்கம் ஷாக்கிளைப் பாருங்கள், பட்டையின் முனையைச் சேஸோடு கோக்கும் ஆடும் இணைப்பு அது. உப்புத் தண்ணீர் இறங்கி ஷாக்கிள் பின்னும் (அதன் ஊசி) புஷ்ஷும் துருப்பிடித்து இறுகிவிட்டால், லோடு இறக்கியதும் அந்தப் பக்கம் பட்டை தன் நிலைக்குத் திரும்ப முடியாமல் தூக்கிக்கொண்டே நிற்கும், பழி நல்ல பக்கத்தின் மேல் விழும். கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் ஏறுகிறதா, அல்லது வெளியிலேயே பிதுங்குகிறதா? பிதுங்கினால் ஷாக்கிள் பின்னைக் கழற்றித்தான் ஆகவேண்டும். பட்டைகளுக்கு நடுவே துரு ஊதியிருந்தால் பட்டை அடுக்கையும் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள்.

சேலம்: உட்கார்ந்த பட்டையை கேஸ் வைத்துச் சூடாக்கி வளைவு ஏற்றித் தருகிறார்கள், புதுசு விலையில் பாதிகூட இல்லை.

வேண்டாம். பட்டையில் கேஸ் நெருப்பும் வெல்டிங்கும் படவே கூடாது.

நாமக்கல்: சும்மா பயம் காட்டாதீங்க சார். எங்கள் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து கேஸ்தான். எந்த வண்டியும் கவிழவில்லை.

கவிழும் என்று நான் சொல்லவில்லையே தம்பி, உடையும் என்கிறேன். பட்டை செய்கிற இடத்தில் முழுப் பட்டையையும் உலையில் 850 டிகிரிக்குப் பக்கம் ஏற்றி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி 450 டிகிரி வாக்கில் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். வில் மாதிரி வளைந்து திரும்புகிற குணம் அதில்தான் வருகிறது. நீங்கள் நடுவில் ஒரு சாண் இடத்தை மட்டும் சிவக்கவைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும், வளைவு கண்ணுக்கு அழகாக இருக்கும், பத்து லோடு அடித்ததும் படுத்துவிடும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால் இன்னும் மோசம், விரிசல் விடும். உங்கள் பட்டறைக்குத் திரும்பிவந்த பட்டைகளில் எங்கே முறிந்திருக்கிறது என்று பாருங்கள், சூடு பட்ட கறுப்புக்கு ஓரத்தில்தான் அதிகம் இருக்கும்.

நாமக்கல்: அப்போ சுத்தியலில் அடித்து ஏற்றினால்?

சூடு இல்லாமல் என்றால் சண்டைக்கு வரமாட்டேன். விரிசல் இல்லாத பட்டைக்குச் செய்யலாம், ஆனால் களைத்துப்போன பட்டை சீக்கிரம் பழைய இடத்துக்கே வந்துவிடும், அதைச் சொல்லிவிட்டுக் காசு வாங்குங்கள்.

ஈரோடு: தாழ்ந்த பக்கம் மட்டும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் மலிவாக முடியுமே?

காலியில் நேராக நிற்கும், லோடு ஏற்றியதும் மறுபக்கம் சாயும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் இளகியிருந்தால் வேறென்ன நடக்கும்? மாற்றினால் இரண்டு பக்கமும் ஜோடியாக, அதே எண்ணிக்கை, அதே கனம்.

கரூர்: ஷாக் அப்சார்பர் போய்...

ஓசூர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருச்சி: இரண்டு டன் அதிகம் ஏற்றினாலும் சாயாமல் இருக்க என்ன பட்டை போடலாம்?

மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அந்தக் காசுக்கு ஒரு நடை சேர்த்து அடியுங்கள்.

மதுரை: ஓட்டும்போது இடது பக்கம் இழுக்கிறது.

அது இழுப்பு, சாய்வு வேறு. பிரேக்கையும் அலைன்மென்டையும் பாருங்கள். ஆனால் வண்டி கோணலாகப் போகிறது என்று பின்னால் வருகிறவர்கள் சொன்னால் பட்டை அடுக்கை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் முறிந்து அச்சு நகர்ந்திருக்கும், அன்றைக்கே நிறுத்துங்கள்.

பொள்ளாச்சி: புதுப் பட்டை போட்டாயிற்று. இனி கவனிக்க ஏதாவது?

பட்டையை அச்சோடு பிடிக்கும் யு போல்ட் பழசையே மாட்டியிருந்தால் புதுசு வாங்குங்கள், நீண்டுபோன போல்ட் பிடிக்காது. முதல் லோடு போய்வந்ததும் லோடு இருக்கும்போதே பக்கத்துக்கு நாலு நட்டையும் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்குங்கள். ஷாக் அப்சார்பர் பற்றி நீங்கள் கேட்காததற்கு நன்றி.