பதில்: டாக்டர் சில்கினி அட்டை அசலா, மேல்பட்டையை வெட்டலாமா?

வணக்கம். டாக்டர் சில்கினியின் பேய் ஷோ (அமெரிக்கத் தியேட்டர்களில் பேய்களைக் காட்டி மிரட்டிய மேஜிக் நிகழ்ச்சி) விளம்பர அட்டை, 14 × 22 அங்குலம், மேலே தியேட்டர் பெயரும் 'வெள்ளி, அக்டோபர் 31' என்றும் அச்சு, அதன்மேல் செலோ டேப் கறை என்கிறீர்கள்; அட்டை அசலா, கறை படிந்த மேல்பட்டையை வெட்டலாமா என்றும் கேட்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பட்டையை வெட்டிவிடாதீர்கள்! கடை ஜன்னலில் வைக்கும் இவ்வகை அட்டைகளில் மேல்பகுதியை வெறுமையாக விட்டு, ஊருக்கு ஊர் தியேட்டர் பெயரையும் தேதியையும் தனியாக அச்சடிப்பார்கள். அதை வெட்டினால் விலை விழும், ஆண்டைக் கண்டுபிடிக்கும் வழியும் போய்விடும். 1940, 50-களில் அக்டோபர் 31 வெள்ளியில் வந்தது 1941, 1947, 1952, 1958-இல். அந்தத் தியேட்டர் எப்போது திறந்து மூடியது என்று பார்த்தால் பட்டியல் இன்னும் சுருங்கும்.

அசலா என்பதற்கு 10 மடங்கு லென்ஸ் போதும். தலைப்பின் பெரிய எழுத்துகளைப் பாருங்கள். சிவப்பு எழுத்துக்குள் மஞ்சள், மெஜந்தா புள்ளிகள் சிதறித் தெரிந்தால் அது ஸ்கேன் செய்து எடுத்த மறுபதிப்பு. பழைய அச்சில் மை ஒரே திடமாகப் படிந்திருக்கும்.

புற ஊதா விளக்கை முன்பக்கம் அடித்து ஏமாறாதீர்கள்; அந்தக் கால ஒளிரும் மையும் மின்னும். பின்பக்கம் பளீரென நீலமாக மின்னினால் 1941, 1947 இரண்டுமே சந்தேகம்தான். அப்படி மின்ன வைக்கும் வெண்மையூட்டி (காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம்) கலந்த காகிதம் பரவலானது 1950-களில்.

டேப்பை உரிக்க வேண்டாம், மையும் சேர்ந்து வரும். காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். பின்பக்கம் துணி ஒட்டுவது மெல்லிய காகிதச் சுவரொட்டிகளுக்கு, அட்டைக்கு வேண்டாம். அமிலமற்ற பலகை, பாலியெஸ்டர் உறை போதும். பிவிசி பிளாஸ்டிக் உறை மட்டும் கூடவே கூடாது, மையில் ஒட்டிக்கொள்ளும்.